ரோஹிங்கியா மக்களும் பன்னாட்டுப் பொறுப்புக்கூறலும் – ஓர் ஆய்வு

'பொறுப்பு' என்னும் சொல் 'பொறு' என்னும் வினையடியாகப் பிறந்தது. சுமையைத் தாங்குதல், பிறர் பிழையை மன்னித்தல் என்னும் இரு பொருளும் அவ்வடிக்கு உண்டு. மனித உரிமை பற்றிய எழுத்துகளில் இன்று பெரிதும் வழங்கும் 'பொறுப்புக்கூறல்' என்னும் சொல்லாட்சியை நிலைபெறச் செய்தவர்களுள் ஈழத்துத் தமிழ் இதழாளர்களுக்குச் சிறப்பிடம் உண்டு எனலாம். தீங்கிழைத்தவன் அத்தீங்கின் சுமையை ஒரு மன்றத்தின்முன் நின்று, விடையிறுத்துத் தாங்குதல் என்பது அதன் பொருள். மன்னித்தல் என்னும் இரண்டாம் பொருளுக்கு இங்கு இடமில்லை. அவ்வுரிமை தீங்குற்றோர்க்கே உரியது. அவர்களைக் கேளாமல் உலக நாடுகள் அதனை வாரி வழங்கிவிட இயலாது.

பர்மா எனப் பெயர்பெற்றிருந்த மியான்மரின் மேற்குக் கடற்கரையில் அரக்கான் பகுதியில் வாழ்ந்து வந்த ரோஹிங்கியா மக்களுள் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்டோர் வங்கதேசத்தில் ஏதிலிகளாக உள்ளனர். நாடுகளுக்கு இடையிலான வழக்கை நாடு தொடுக்கலாம். தனிமனிதர் தொடுத்தல் இயலாது. எந்நாட்டின் குடிமக்களும் அல்லர் என ஒதுக்கப்பட்ட மக்களுக்காக வழக்கைத் தொடுப்பவர் யார்? அவ்வழக்கு எவ்வழியாக மன்றம் ஏறிற்று? இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெயரும் நிலமும்

ம்ராவுக் ஊ என்னும் நகரைத் தலைநகராகக் கொண்டு 15ஆம் நூற்றாண்டு முதல் தனியரசாக விளங்கிய அரக்கானைப் பர்மிய மன்னர் போதவ்பயா 1785ஆம் ஆண்டளவில் வென்று தம் ஆட்சியில் இணைத்தார். 1826ஆம் ஆண்டு யந்தபோ உடன்படிக்கையின்படி அது ஆங்கிலேயர் கைக்கு மாறிற்று. இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் இடையில், 1799ஆம் ஆண்டில், பிரான்சிஸ் புக்கனன் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர் பர்மியப் பேரரசின் மொழிகளைப் பற்றி எழுதிய கட்டுரையில், அரக்கானில் நெடுங்காலமாகக் குடியிருக்கும் முகமதியர் தம்மை 'ரூயிங்கா' என அழைத்துக்கொள்வதாகக் குறித்துள்ளார். அரக்கானியர் என்பதே அதற்கு அவர் தரும் விளக்கம்.

இக்குறிப்பு ஏன் முதன்மை பெறுகிறது என்பதை 1982ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தைப் படித்தால் அறியலாம். 1823ஆம் ஆண்டிற்கு முன்னரே பர்மிய மண்ணில் நிலைத்து வாழ்ந்த இனத்தவரே பிறப்புவழிக் குடிமக்கள் என அச்சட்டம் வரையறுத்தது. முதலாம் ஆங்கிலேய - பர்மியப் போர் தொடங்குவதற்கு முந்திய ஆண்டு அது. ஆங்கிலேயர் காலத்தில் வந்தோரை விலக்குதல் சட்டத்தின் வெளிப்படையான நோக்கம். எந்த இனம் நாட்டினம், எது அன்று என முடிவுசெய்யும் அதிகாரத்தையும் அரசே வைத்துக்கொண்டது. அரசு ஏற்றுக்கொண்ட 135 இனங்களின் பட்டியலில் ரோஹிங்கியர் பெயர் இடம்பெறவில்லை. 1799இல் ஏட்டில் ஏறிய பெயருக்கு 1982இன் சட்டத்தில் இடமில்லாமற் போயிற்று. அரசினர் இவர்களை 'வங்காளிகள்' என்றே வழங்கி வந்தனர். ஒரு மக்களை எப்பெயரிட்டு அழைப்பது என்பது இலக்கணச் சிக்கல் அன்று. எந்நாட்டிற்கு உரியவர் என்னும் தீர்ப்பு அப்பெயருக்குள்ளேயே அடங்கிவிடுகிறது.

விடுதலை பெற்ற பர்மா தொடக்கம் முதலே இவ்வாறு நடந்துகொண்டதன்று. ஊ நூ தலைமை அமைச்சராக இருந்த காலத்தில் ரோஹிங்கியர் வாக்களித்தனர், நாடாளுமன்றத்தில் அமர்ந்தனர். 1961ஆம் ஆண்டில் அவர்கள் மிகுதியாக வாழ்ந்த வட அரக்கானுக்கு மாயு எல்லைப்புற நிருவாகம் என்னும் தனியமைப்பு ஏற்படுத்தப்பட்டது. அரசு வானொலியில் ரோஹிங்கியா மொழி நிகழ்ச்சியும் ஒலித்தது. 1962ஆம் ஆண்டு நே வின் ஆட்சியைக் கைப்பற்றிய பின்னரே நிலைமை தலைகீழாயிற்று. அவ்வாட்சியின் நாட்டுடைமைக் கொள்கையால் கடையும் நிலமும் இழந்து கப்பலேறி வந்த தமிழ்க் குடும்பங்கள் பல. சென்னைக் கடற்கரை நிலையத்தை அடுத்த 'பர்மா பஜார்' என்னும் பெயர் அதன் எச்சமே. நமக்கு ஏறி வரக் கப்பலும் இறங்கத் துறையும் இருந்தன. ரோஹிங்கியர்க்கு இருந்தது நாஃப் ஆற்றின் மறுகரை மட்டுமே.

அம்மறுகரைக்கு 1978ஆம் ஆண்டு 'நாகமின்' என்னும் படை நடவடிக்கையின்போது இரண்டு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் ஓடினர். அவர்களுள் பெரும்பாலோர் திருப்பியனுப்பப்பட்டனர். 1991, 1992ஆம் ஆண்டுகளில் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் பேர் மீண்டும் ஓடினர். 2012ஆம் ஆண்டுக் கலவரத்திற்குப் பின் ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் அரக்கானுக்குள்ளேயே முகாம்களில் அடைபட்டனர். 2015ஆம் ஆண்டு அவர்களிடமிருந்த தற்காலிக வெள்ளை அட்டைகளும் செல்லாதவையாக்கப்பட்டு, வாக்குரிமை பறிபோயிற்று.

2017ஆம் ஆண்டு ஆகஸ்ட்டு

25.08.2017 அன்று 'அர்சா' என்னும் ஆயுதக் குழுவினர் ஏறத்தாழ முப்பது காவல் சாவடிகளைத் தாக்கினர். அத்தாக்குதலை மறைத்துவிட்டு இவ்வரலாற்றை எழுதுதல் நேர்மையாகாது. ஆயின் அதற்கு விடையாகப் பர்மியப் படை மேற்கொண்ட 'துப்புரவு நடவடிக்கை'யின் இலக்கு அக்குழுவோடு நிற்கவில்லை. சில மாதங்களில் ஏழு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் ஆற்றைக் கடந்தனர். முதல் ஒரு மாதத்தில் மட்டும் குறைந்தது 6,700 பேர் வன்முறையால் உயிரிழந்தனர் என 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்பு கணக்கிட்டது. அவர்களுள் குறைந்தது 730 பேர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள்.

ஐக்கிய நாடுகள் மனித உரிமைப் பேரவை அமைத்த உண்மை கண்டறியும் குழுவின் தலைவர் இந்தோனேசியாவின் மார்சுகி தாருஸ்மான். இலங்கைத் தமிழரான ராதிகா குமாரசுவாமியும், ஆஸ்திரேலியாவின் கிறிஸ்டோபர் சிடோட்டியும் உறுப்பினர். மியான்மருக்குள் நுழைய இசைவு மறுக்கப்பட்ட நிலையில், இக்குழுவினர் 875 பேரிடம் நேரில் சான்று பெற்று 2018ஆம் ஆண்டில் அறிக்கை அளித்தனர். முழுதாகவோ பகுதியாகவோ அழிக்கப்பட்ட ஊர்கள் குறைந்தது 392 என்பது அதன் கணக்கு. படைத்தலைவர் மின் ஆங் ஹ்லைங் உள்ளிட்ட உயர் தளபதியரை இனப்படுகொலைக் குற்றத்திற்காகப் புலனாய்வு செய்து வழக்கில் நிறுத்த வேண்டும் என்பது அதன் பரிந்துரை.

உள்நாட்டு நீதி எவ்வாறு இருந்தது என்பதற்கு இன் டின் என்னும் ஒரு சிற்றூரே சான்று. 02.09.2017 அன்று அவ்வூரில் ரோஹிங்கியா ஆடவர் பதின்மர் கொல்லப்பட்டு ஒரே குழியில் இடப்பட்டனர். இதனைத் துருவி ஆராய்ந்த ராய்ட்டர்ஸ் செய்தியாளர்கள் வா லோன், கியாவ் சோ ஊ ஆகிய இருவரும் கைதாகி, ஏழாண்டுச் சிறைத்தண்டனை பெற்றனர். கொலைக்காகத் தண்டிக்கப்பட்ட படைவீரர் எழுவருக்குப் பத்தாண்டு விதிக்கப்பட்டது. அவர்கள் ஓராண்டு நிறையுமுன் விடுவிக்கப்பட்டனர். செய்தியாளர்களோ 500 நாள்களுக்கு மேல் சிறையிலிருந்த பின்னரே, 2019ஆம் ஆண்டு மே மாதம் வெளிவந்தனர். கொன்றவரைவிடக் கொலையை எழுதியவர் நெடுநாள் சிறையிலிருந்த கணக்கு இது!

பாண்டியன் அவையில் கண்ணகி வழக்குரைத்த காதையை நாம் வகுப்பறையில் ஆண்டுதோறும் நடத்துகிறோம். தவறிழைத்த மன்னனே நடுவனாகவும் அமர்ந்திருந்த மன்றம் அது. அவ்வரசன் சான்றைக் கொணரச் செய்து, சிலம்பிலிருந்து தெறித்த மாணிக்கத்தைக் கண்டு, தன் தவற்றைத் தானே ஏற்றுக்கொண்டான். எல்லா அரசும் அவ்வாறு ஏற்பதில்லை. மியான்மர் அரசு அமைத்த விசாரணை ஆணையம் 2020ஆம் ஆண்டு சனவரியில், பன்னாட்டு நீதிமன்றம் தன் இடைக்கால ஆணையை வழங்குவதற்குச் சில நாள்களே இருந்தபோது, போர்க்குற்றங்கள் நிகழ்ந்திருக்கலாம். இனத்தை அழிக்கும் கருத்து இல்லை என அறிவித்தது.

காம்பியா தொடுத்த வழக்கு

வல்லரசுகள் அமர்ந்திருக்கும் பாதுகாப்பு அவை சூடான் சிக்கலை 2005ஆம் ஆண்டிலும், லிபியாச் சிக்கலை 2011ஆம் ஆண்டிலும் பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்திற்கு அனுப்பியது. மியான்மரை அனுப்பவில்லை. சீனமும் உருசியாவும் தடுப்பாணை அதிகாரத்தோடு அங்கு அமர்ந்திருக்கையில் அனுப்பும் என எதிர்பார்த்தோரும் சிலரே. பெருவாயில் அடைபட்டிருக்கையில் சிறுவாயிலைத் தேடிக் கண்டது மேற்கு ஆப்பிரிக்காவின் சிறிய நாடாகிய காம்பியா.

அந்நாட்டின் நீதியமைச்சராயிருந்த அபூபக்கர் தம்பாது, ருவாண்டா இனப்படுகொலையை விசாரித்த பன்னாட்டுத் தீர்ப்பாயத்தில் வழக்குத் தொடுப்புப் பிரிவில் பணியாற்றியவர். 2018ஆம் ஆண்டு காக்ஸ் பஜார் முகாம்களுக்குச் சென்று ஏதிலிகள் கூறியவற்றைச் செவிமடுத்தவர். இசுலாமியக் கூட்டுறவு அமைப்பின் ஆதரவோடு 11.11.2019 அன்று மியான்மரின் மீது காம்பியா வழக்குத் தொடுத்தது. சட்ட அடிப்படை 1948ஆம் ஆண்டு இனப்படுகொலைத் தடுப்பு உடன்படிக்கை. அதன் ஒன்பதாம் பிரிவு, உடன்படிக்கை பற்றி உறுப்பு நாடுகளிடையே எழும் பூசலைப் பன்னாட்டு நீதிமன்றம் தீர்க்கலாம் என்கிறது. பர்மா 1956ஆம் ஆண்டில் அவ்வுடன்படிக்கையை ஏற்றபோது வேறு சில பிரிவுகளுக்கு விலக்குக் கேட்டது. ஒன்பதாம் பிரிவுக்குக் கேட்கவில்லை. அறுபதாண்டுகளுக்கு முன் எவரும் பெரிதாகக் கருதாமல் விட்ட அப்பிரிவின் வழியாகவே பின்னாளில் வழக்கு நுழைந்தது. சட்டம் பயிலும் மாணவர்கள் ஈண்டு கருதத்தக்க நுட்பம் இது.

2019ஆம் ஆண்டு டிசம்பரில் தி ஹேக் நகரில் மியான்மரின் சார்பில் வாதாட வந்தவர் ஆங் சான் சூகி. அமைதிக்கான நோபல் பரிசு பெற்றவர். தாமே பல்லாண்டுகள் இராணுவத்தால் வீட்டுச் சிறையில் வைக்கப்பட்டவர். அதே இராணுவத்துக்காக அவர் வாதாடிய உரையில், அர்சாவின் முழுப்பெயரைச் சொல்ல நேர்ந்த இடம் நீங்கலாக, ரோஹிங்கியா என்னும் சொல் இடம்பெறவில்லை. எதிரே முகாம்களிலிருந்து வந்திருந்த ரோஹிங்கியர் அமர்ந்திருந்தனர்.

23.01.2020 அன்று நீதிமன்றம் வழங்கிய இடைக்கால ஆணையில் அப்பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. ரோஹிங்கியர் அவ்வுடன்படிக்கையின் காப்புக்குரிய ஒரு குழுவினராகத் தோன்றுகின்றனர் என்று மன்றம் மொழிந்தது. அவர்களுக்கு எதிரான இனப்படுகொலைச் செயல்களைத் தடுத்தல், படையினர் அத்தகைய செயல்களில் ஈடுபடாவண்ணம் காத்தல், சான்றுகள் அழியாமல் பேணல், குறித்த காலந்தோறும் அறிக்கை அளித்தல் ஆகியன மியான்மரின்மேல் சுமத்தப்பட்ட கடமைகள். நீதிபதியர் பதினெழுவரும் ஒருமித்து வழங்கிய ஆணை அது. அவர்களுள் மியான்மரே தன் சார்பில் அமர்த்திய செருமானியச் சட்ட அறிஞர் கிளாஸ் கிரெஸ்ஸும் ஒருவர். காம்பியா அமர்த்தியவர் நவநீதம் பிள்ளை. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் தமிழ் வழிவந்த குடும்பத்தில் பிறந்தவர். ருவாண்டாத் தீர்ப்பாயத்தில் 1998ஆம் ஆண்டு அக்காயேசு வழக்கில் பாலியல் வன்முறையும் இனப்படுகொலையின் கருவியாகலாம் என்று முதன்முதலாகத் தீர்ப்பளித்த ஆயத்தில் அவரும் அமர்ந்திருந்தார். ரோஹிங்கியா மகளிர்க்கு நேர்ந்தவற்றை உண்மை கண்டறியும் குழு விரித்துரைத்துள்ளதைப் படித்தோர், அத்தீர்ப்பு இவ்வழக்கிற்கு எத்துணை இன்றியமையாதது என்பதை உணர்வர்.

காம்பியாவுக்கு இதில் என்ன இழப்பு? ஆயிரக்கணக்கான கல் தொலைவிலுள்ள நாடு வழக்குத் தொடுக்கலாமா? மியான்மரின் முதன்மையான தடை வாதம் இதுவே. 2021ஆம் ஆண்டு பிப்ரவரியில் இராணுவம் மீண்டும் ஆட்சியைக் கவர்ந்து, சூகியைச் சிறையிலிட்டது. எனவே 2022ஆம் ஆண்டில் இவ்வாதத்தை எடுத்துரைத்தோர் இராணுவ அரசின் பேராளர்கள். 22.07.2022 அன்று 15க்கு 1 என்னும் பெரும்பான்மையில் மன்றம் அதனைத் தள்ளியது. இனப்படுகொலையைத் தடுப்பது உடன்படிக்கையில் கையொப்பமிட்ட ஒவ்வொரு நாடும் மற்றெல்லா நாடுகளுக்கும் பட்டிருக்கும் கடன். ஆகவே எந்நாடும் அதனைக் கேட்கலாம் என்பது தீர்ப்பின் சாரம். அயல்வீட்டில் தீப்பிடித்தால் தண்ணீர்க்குடத்தோடு ஓடுவதற்கு உறவுமுறை காட்ட வேண்டியதில்லை. பன்னாட்டுச் சட்டம் இதனை இவ்வளவு தெளிவாகக் கூறுவதற்கு உடன்படிக்கை பிறந்து எழுபது ஆண்டுகளுக்கு மேலாயின. பின்னர்க் கனடா, பிரான்சு, செருமனி, பிரிட்டன், டென்மார்க்கு, நெதர்லாந்து ஆகியனவும் மாலத்தீவும் தலையீட்டு மனு அளித்தன.

கருத்து என்னும் கடுஞ்சோதனை

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. பெருந்தொகையாகக் கொல்லுதல் மட்டுமே சட்டத்தின் பார்வையில் இனப்படுகொலை ஆகிவிடாது. ஒரு குழுவை, அக்குழு என்பதற்காகவே, முழுதாகவோ பகுதியாகவோ அழிக்கும் கருத்து இருந்தது எனக் காட்டல் வேண்டும். எழுத்தில் அத்தகைய கட்டளை கிட்டுவது அரிது. நடந்தவற்றிலிருந்து கருத்தை உய்த்துணர வேண்டும். வேறு எவ்வகையிலும் நியாயமாகப் பொருள்கொள்ள இயலாத இடத்தில்தான் அவ்வுய்த்துணர்வை ஏற்போம் என்பது நீதிமன்றம் முந்தைய வழக்குகளில் வகுத்த அளவுகோல்.

பொசுனியா 1993ஆம் ஆண்டு தொடுத்த வழக்கிற்குத் தீர்ப்பு 2007ஆம் ஆண்டில்தான் வந்தது. பதினான்கு ஆண்டுகள்! அப்போதும் செபரெனிகாவில் 1995ஆம் ஆண்டு நிகழ்ந்ததை மட்டுமே மன்றம் இனப்படுகொலை என்றது. அதனையும் செர்பியா செய்ததாகக் கூறவில்லை. தடுக்கத் தவறியது, குற்றவாளியரைத் தண்டிக்கத் தவறியது என்றே முடிவுரைத்தது. இழப்பீட்டுத் தொகையும் விதிக்கவில்லை. காம்பியா வழக்கின் முடிவைப் பற்றி மேடைகளில் மிகையாகப் பேசும் நம்மவர்கள் இதனை மறத்தல் கூடாது. அதே அளவுகோலில் நிறுத்துப் பார்க்கும்போதும், உண்மை கண்டறியும் குழு தளபதியரின் பேச்சு, தாக்குதலின் ஒருசீர்மை, குழந்தைகள்மீதும் பெண்கள்மீதும் நிகழ்ந்த வன்முறை, குடியுரிமை மறுப்பு என அனைத்தையும் கோத்துப் பார்த்தே கருத்து உண்டென உய்த்துணரலாம் என்றது. தனித்தனியே வேறு விளக்கம் கூறத்தக்கவை கோவையாகும்போது பொருள் மாறுகின்றன. இவ்வழக்கின் உயிர்நிலை இங்குள்ளது. முதன்மை விசாரணை 2026ஆம் ஆண்டு சனவரி 12 முதல் 29 வரை நடத்தப்பெற்றபோது வழக்குத் தொடுத்து ஆறாண்டுகள் கடந்திருந்தன.

ஆற்றைக் கடந்த குற்றம்

பன்னாட்டு நீதிமன்றம் நாடுகளை விசாரிப்பது, எவரையும் சிறையிலிடாது. தனிமனிதரைத் தண்டிக்கும் பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றமும் அதே ஊரில் உள்ளதால் இரண்டையும் ஒன்றெனக் கருதுவோர் பலர். இரண்டாவதன் ஆட்சியெல்லைக்கு மியான்மர் உட்படவில்லை. வங்கதேசமோ 2010ஆம் ஆண்டிலேயே உறுப்பாயிற்று. நாடுகடத்தல் என்னும் குற்றம் ஒருவரை வீட்டைவிட்டு விரட்டும்போது தொடங்கி, அவர் எல்லையைத் தாண்டும்போது நிறைவுறுகிறது. எல்லைக்கு அப்பாலுள்ள கரை வங்கதேசம். ஆகவே குற்றத்தின் ஒரு பகுதி உறுப்பு நாட்டின் மண்ணில் நிகழ்ந்தது என 06.09.2018 அன்று அம்மன்றம் கண்டது. கொலையும் தீவைப்பும் நிகழ்ந்த மண் அதன் கைக்கு எட்டவில்லை, ஓட்டம் எட்டிற்று. 14.11.2019 அன்று புலனாய்வுக்கு இசைவு வழங்கப்பட்டது. மின் ஆங் ஹ்லைங்கின் மீது கைதாணை வேண்டி வழக்குத் தொடுநர் கரீம் கான் 27.11.2024 அன்று மனு அளித்தார்.

மூன்றாவது வாயில் அர்ச்செந்தினாவில் திறந்தது. பெருங்குற்றங்களை எங்கு நிகழ்ந்தாலும் எந்நாட்டு நீதிமன்றமும் விசாரிக்கலாம் என்னும் அனைத்துலக ஆட்சியெல்லைக் கோட்பாட்டை அந்நாட்டின் அரசியலமைப்பு ஏற்கிறது. பிரிட்டனிலுள்ள ரோஹிங்கியர் அமைப்பொன்றின் தலைவர் துன் கின் 2019ஆம் ஆண்டில் அளித்த முறையீட்டின்மீது, 2025ஆம் ஆண்டு பிப்ரவரியில் புவனோஸ் ஐரிஸ் நீதிமன்றம் மின் ஆங் ஹ்லைங் உள்ளிட்டோர்க்குக் கைதாணை பிறப்பித்தது. அப்பட்டியலில் சூகியின் பெயரும் உண்டு. தம் நாட்டு இராணுவ ஆட்சியில் காணாமற்போனோருக்காகப் பல்லாண்டு போராடிய மக்களின் நாடு அது என்பது நினைவுகூரத்தக்கது.

பட்டியல் தொகுத்த ஆசிரியர்

இம்மன்றங்கள் அனைத்தும் சான்றை நாடுவன. 2018ஆம் ஆண்டு மனித உரிமைப் பேரவை உருவாக்கி, 2019ஆம் ஆண்டு ஆகஸ்ட்டில் செயற்படத் தொடங்கிய தனிப் புலனாய்வுப் பொறியமைப்பு, நிக்கலஸ் கூம்ஜியான் தலைமையில் சான்றுகளைத் தொகுத்து, எதிர்கால வழக்குகளுக்காகப் பேணி வருகிறது. அதற்கும் முன்னரே அப்பணியைத் தொடங்கியவர் ஒரு பள்ளியாசிரியர் என்பது ஆசிரியத் தொழிலில் உள்ள நமக்கு உவப்பையும் வருத்தத்தையும் ஒருங்கே தருவது. முஹிபுல்லாஹ் என்னும் அவர் குட்டுபலாங் முகாமுக்கு வந்தபின், தம் தோழர்களோடு குடிசை குடிசையாகச் சென்று இறந்தோரின் பெயரையும் ஊரையும் எழுதித் தொகுத்தார். தாள், பேனா, கேட்டறியும் பொறுமை இவையே கருவிகள். 2019ஆம் ஆண்டு செனீவாவில் மனித உரிமைப் பேரவையின் முன் பேசினார். அவ்வாண்டு ஆகஸ்ட்டு 25 அன்று முகாமில் அவர் கூட்டிய நினைவுநாளுக்கு இலட்சக்கணக்கில் மக்கள் திரண்டனர். 29.09.2021 அன்று இரவு, தம் அலுவலகத்திலேயே அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். கொன்றவர் பர்மியப் படையினர் அல்லர். வங்கதேசக் காவல்துறை குற்றம் சாட்டியது அர்சாவைச் சார்ந்தோர்மீது. சொந்த மக்களின் பெயரால் ஆயுதம் தாங்கியோரும் கணக்குக் கூறவேண்டியவரே என்பதை இக்கொலை நம்முன் வைக்கிறது.

2024ஆம் ஆண்டில் சிக்கல் வேறொரு வடிவம் கொண்டது. பௌத்த அரக்கானியரின் 'அரக்கான் படை' இராணுவத்தை முறியடித்து வட அரக்கானில் முன்னேறிற்று. குடியுரிமை மறுத்த அதே இராணுவம் ரோஹிங்கியா இளைஞரைக் கட்டாயமாகப் படையில் சேர்த்துப் போர்முனைக்கு அனுப்பியது. 05.08.2024 அன்று மௌங்டோவிலிருந்து தப்பி நாஃப் ஆற்றங்கரையில் காத்திருந்த குடும்பங்கள் ஆளில்லா வானூர்தித் தாக்குதலுக்கு இரையாயின. உயிர்தப்பியோர் அரக்கான் படையைச் சுட்டினர், அப்படை மறுத்தது. அவ்வாண்டு டிசம்பரில் மௌங்டோ நகரம் அதன் கைக்கு வந்தது. பன்னாட்டு நீதிமன்றத்தின் 2020ஆம் ஆண்டு ஆணை மியான்மர் என்னும் நாட்டைக் கட்டுப்படுத்துவது. அந்நாட்டின் ஆட்சி அற்றுப்போன ஊரில் ஒரு போராளிப் படை இழைக்கும் தீங்குக்கு அவ்வாணையைக் கொண்டு யாரிடம் விடை கேட்பது என்பது கடினமான வினா. குற்றவியல் நீதிமன்றம் 2019ஆம் ஆண்டில் பெற்ற இசைவிலோ அத்தகைய இடர்ப்பாடு இல்லை. 2010ஆம் ஆண்டு சூன் முதல் நாள் தொடங்கி, வங்கதேச மண்ணில் ஒரு பகுதியேனும் நிகழும், இச்சூழலோடு தொடர்புடைய குற்றங்களை, செய்தவர் யாராயினும், ஆராய அது இடந்தருகிறது. 2024ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து பதினெட்டு மாதங்களில் மேலும் ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் ரோஹிங்கியர் வங்கதேசம் வந்துசேர்ந்தனர் என ஐக்கிய நாடுகள் ஏதிலியர் ஆணையம் 2025ஆம் ஆண்டு சூலையில் அறிவித்தது. அவர்களும் எல்லையைக் கடந்து வந்தவர்களே.